தட்டில் அடங்கிய நாகசுரம்

பழைய இசைத்தட்டுகளைக் கேட்க விழையும் மாணவ நண்பர் சிலர் எம்மிடம் வந்து, "எங்கே தொடங்குவது?" என்று வினவுவதுண்டு. வினா எளிது, விடை அத்துணை எளிதன்று. முன்னாளில் ஒரு தட்டைக் கேட்க வேண்டின் அதனை உடையவர் வீட்டுத் திண்ணையிற் காத்திருத்தல் வேண்டும். இந்நாளிலோ, நூறாண்டுப் பாட்டெல்லாம் ஒரு விரலசைவில் வந்து நிற்கின்றன. ஆதலின் கேட்க விரும்புவார்க்கு இப்பொழுது உள்ள குறை பொருள் இன்மை அன்று, புகுவாயில் இன்மையே. யாம் எவ்வழியே புகுந்தோம் என்பதையும், பிறர் எவ்வழியே புகுதல் நலம் என்று கருதுகின்றோம் என்பதையும் ஈண்டு எழுதத் துணிந்தோம். எடுத்துக்கொண்ட பொருள் நாகசுரத் தட்டுகள். ஆயினும் யாம் அவற்றினிடம் சென்றது நேர்வழியிலன்று; அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு சென்றோம்.

எமது ஊர் காரைக்கால். 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊராதலால், இன்றும் பாரிசு நகரத்தில் உறவினர் இல்லாத தெரு எம்மூரில் அரிது. விடுமுறைக்கு வரும் அவ்வுறவினர் நறுமணத் தைலமும் பாலாடைக்கட்டியும் கொணர்வர். எம் சிற்றப்பா ஒருவர் மட்டும் தட்டுகள் கொணர்வார். ஒருமுறை அவர் கொணர்ந்த தட்டு லூயி ஆம்ஸ்ட்ராங் என்னும் நீக்ரோ இசைவாணர் டிரம்பெட் ஊதிய பழம்பதிவுகளின் தொகுப்பு. பிரெஞ்சு நாட்டார் ஜாஸ் இசையைத் தம் இசைபோலவே போற்றி வளர்த்தவர். அவ்விசைக்கென்று பாரிசில் 1932-இலேயே ஒரு சங்கம் நிறுவினர். ஆம்ஸ்ட்ராங்கும் 1934-இல் அந்நகரில் தங்கித் தட்டுகள் பதிவு செய்தார். எனவே அவ்விசை எமது கடற்கரைச் சிற்றூருக்கு வந்து சேர்ந்ததில் வியப்பொன்றும் இல்லை.

சிற்றப்பா ஊசியைத் தட்டின்மேல் இறக்கும் முன், "தம்பி, பாட்டு இனிமேல்தான் வரும் என்று காத்திராதே. முதற் கால் நிமிஷத்தைத் தவறவிடாமற் கேள்" என்று கூறினார். அது 1928-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28-ஆம் நாள் சிக்காகோ நகரிற் பதிவான 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' என்னும் உருப்படி. துணைக்கருவி யாதும் இன்றி, தாளமும் இன்றி, டிரம்பெட் தனியே எழுந்து, படிப்படியாக மேலேறி, உச்சியில் ஒரு கணம் நின்று, சுழன்று சுழன்று இறங்கிற்று. பின்னரே மற்றையோர் வந்து சேர்ந்தனர். அப்பொழுது உள்ளறையிற் படுத்திருந்த எம் அப்பாயி, "யார் வீட்டுக் கலியாணம்? நாயனம் புதிதாயிருக்கிறதே!" என்று குரல் கொடுத்தார். சிற்றப்பா நகைத்தார். யாம் நகைத்திலோம், அப்பாயி கூறியது சரியென்றே எமக்குப் பட்டது. தாளக்கட்டுக்கு உட்படாமல் ஓர் இசையுருவை முன்னே விரித்துக் காட்டிப் பின்பு தாளத்திற் புகுதல் எம் நாட்டு ஆலாபனையன்றோ? அன்று மாலையே, எம்மூர்ப் பக்கத்து நாயனக்காரர் எவரேனும் இவ்வாறு தட்டில் வாசித்துளரோ என்று தேடத் தொடங்கினோம்.

இவ்விரு குழல்களுக்கும் உள்ள உறவு வெளித்தோற்றத்தில் ஒன்றுமில்லை. டிரம்பெட் பித்தளையால் ஆயது. ஊதுவான் உதடுகளின் அதிர்ச்சியால் ஒலிப்பது. நாகசுரமோ மரத்தால் ஆயது. கொறுக்கை என்னும் நாணலைப் பதப்படுத்திச் செய்த சீவாளியின் இரு நாக்குகள் அதிர்தலால் ஒலிப்பது. ஆனால் இரண்டும் பிறந்த இடம் ஒன்று, அது தெரு. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிண ஊர்வலத்தின் முன்னே துயரப்பண் ஊதிச்சென்று, அடக்கம் முடிந்து மீளுங்கால் துள்ளுநடைப் பாட்டு ஊதிவரும் கூட்டங்களிலிருந்து எழுந்தது அவ்விசை. எம் நாட்டு நாகசுரம் சாவிற்கு உரியதன்று, மங்கல வாத்தியம். எனினும் அதுவும் சுவாமி புறப்பாட்டின் முன்னும் மாப்பிள்ளை அழைப்பின் முன்னும் நடந்துகொண்டே ஊதப்பெற்றது. எம்மூரில் தேற்றரவு அன்னையின் தேர்பவனிக்குப் பேண்டு வாத்தியத்தாரின் டிரம்பெட்டும், கோயில் உற்சவத்திற்கு நாயனமும் முழங்குதலைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தமையால், இவ்விரண்டும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் என்பதில் எமக்கு ஐயம் எழுந்ததேயில்லை.

தெருவில் நாலு வீதிக்குக் கேட்க ஊதும் கருவி, ஒரு சிறு அறையில் ஒலிபதியும் புனலின் முன்னே வந்து நின்றால் என்னாகும்? 1925-ஆம் ஆண்டில் மின்விசைப் பதிவு வரும்வரை, வாசிப்பவரின் மூச்சுவிசையே ஒரு புனலின் வழியாகச் சென்று மெழுகின்மேல் ஊசியை அசைத்தது. மெல்லிய குரலுடையார் புனலினுள் தலையை நுழைத்துப் பாடினர். உரத்த கருவியுடையார் பின்னே தள்ளி நிறுத்தப்பட்டனர். 1923-இல், ஆசான் கிங் ஆலிவரின் குழுவில் இளைஞரான ஆம்ஸ்ட்ராங் முதன்முதல் பதிவுக்குச் சென்றபொழுது, அவர் ஊதல் ஏனையோரை அமிழ்த்தியமையால் அவரைப் பல அடி தொலைவில் மூலையில் நிறுத்தினர் என்று கூறுவர். நாகசுரத்தின் நிலையும் இதுவே. அதனுடன் தவிலும் சேர்ந்தால் கேட்கவேண்டுவதில்லை.

இந்தியாவில் ஒலிப்பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கிற்று. அக்காலத்து நாகசுரம் பெரும்பாலும் திமிரி என்னும் குறுங்குழல். சுருதி நான்கு ஐந்து கட்டை வரையிற் செல்வது. தொலைவில் நின்று கேட்டற்குக் கூர்மையும் இனிமையும் உடையது. அறையினுள் செவியைத் துளைப்பது. நீண்ட குழலான பாரி நாயனத்தை மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஏற்றவாறு திருத்தி நிலைநாட்டிய பெருமை திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை அவர்களையும், அவர் விருப்பிற்கிணங்கக் கருவியைச் செம்மை செய்த நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியையும் சாரும். சுருதி இரண்டு கட்டை அளவிற்கு இறங்கவே, குழலின் ஒலி மனிதக் குரலின் அண்டையில் வந்து அமர்ந்தது. பழைய வீடுகளைப் பிரிக்குங்கால் கிடைக்கும் முதிர்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து உலவு செய்வர், மேலே ஏழு விரல் துளைகள், கீழே சுருதியைச் சரிசெய்து மெழுகால் அடைத்தற்குரிய ஐந்து துளைகள், அடியில் அணசு. நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. (நாகசுரமா, நாதசுரமா என்னும் வழக்கினுள் யாம் புகவில்லை. எம்மூர்ப் பக்கத்தில் எல்லாரும் நாயனம் என்றே சொல்வர். அது வழக்கையே தீர்த்துவிடுகிறது.)

இராஜரத்தினம் பிள்ளை 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் பிறந்த ஊர் திருமருகல். எமது ஊரிலிருந்து நாகூர்ச் சாலையிற் சென்று மேற்கே திரும்பினால் வெகு தொலைவில்லை. அவர் பெயரின் முதலெழுத்துகளில் அடங்கியிருப்பவர் அவருடைய தாய்மாமனும் வளர்ப்புத் தந்தையுமான திருமருகல் நடேச பிள்ளை. இளமையில் பிடில் வித்துவான் திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் வாய்ப்பாட்டுப் பயின்றவர் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க. அவர் குழல் பாடுதற்குக் காரணம் தேட வேண்டுவதில்லை. ஆம்ஸ்ட்ராங்கினும் அவர் மூன்றாண்டே மூத்தவர். இருவரும் கூட்டத்தில் ஒருவராய் நின்று ஊதும் கருவியை, ஒருவர் தம் உள்ளத்தை உரைக்கும் கருவியாக்கினர். இருவரும் திரைப்படத்தில் நடித்தனர். நம்மவர் 1940-இல் வெளிவந்த 'காளமேகம்' படத்திற் கவிஞராகவே தோன்றினார். நாகசுரக்காரர் மேலாடை களைந்து, நின்றே வாசிக்கவேண்டும் என்றிருந்த காலத்தில், சட்டையணிந்து மேடையேறி அமர்ந்து வாசிக்கும் மதிப்பைத் தமக்கும் தம்மினத்தார்க்கும் போராடிப் பெற்றவர் அவர். தெருவாயிலிலேயே நிறுத்தப்பட்ட கலைஞர் கூடத்தினுள் வந்து அமர்ந்த செய்தி இது. நீக்ரோவர் பின்வாயில் வழியே நுழைந்து ஊதிய நாட்டிலும் இதுபோன்ற செய்தி உண்டு. அத்தட்டுகளை இனிமைக்காக மட்டும் கேட்பார்க்கும் இதனை அறிந்து கேட்டல் நன்று.

இனி, எங்கே தொடங்குவது? இராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டிலே தொடங்குக என்பதே எமது துணிபு. அவர் தோடியை விடிய விடிய வாசித்த கதைகள் தஞ்சைத் தரணியிற் பல. அவ்விரவுகள் கேட்டவர்களோடு போயின. நமக்கு எஞ்சியிருப்பது நிமிஷத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத்தட்டு. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிஷமே ஓடும். ஆற்றைக் குடத்தில் அடைத்தாற்போன்றது இது என்று வருந்துவார் உளர். யாம் அவ்வளவு வருந்துவதில்லை. நீண்டு வாசிக்கும் இரவில், கேட்பவன் இடையில் எழுந்து காப்பி குடித்து வருவான்; வாசிப்பவனும் சற்றே ஓய்வாக ஒரு சஞ்சாரத்தைத் திரும்பத் திரும்ப உலாவ விடுவான். தட்டில் அதற்கு இடமில்லை. மூன்று நிமிஷத்திற்குள் தோடி தோடியாக வேண்டும். எதை விடுவது என்று கலைஞன் முன்னரே துணிந்திருக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங்கும் அவ்வாறே மூன்று நிமிஷத்திற்குள் துணிந்தவர். 1948-இல் நெடுந்தட்டு வந்தபின் பக்கத்திற்கு இருபது நிமிஷம் கிடைத்தது. நலம் பல விளைந்தன. ஆயினும் தொடங்குவோனுக்குக் குறுந்தட்டே தக்க ஆசான். ஒரு நாளில் ஐந்துமுறை கேட்டாலும் கால்மணி நேரமே செல்லும்.

கேட்கும் முறை ஒன்று கூறுவாம். செவியில் மாட்டும் கருவியைக் கழற்றி வைத்துவிடுக. தட்டையோ பதிவையோ ஓர் அறையில் ஓடவிட்டு, கதவைத் திறந்துவைத்து, அடுத்த அறையிலோ வாசல் திண்ணையிலோ சென்று அமர்க. நாகசுரம் காதருகே ஒலித்தற்குச் சமைந்த கருவியன்று; நடுவே காற்றுக்கு இடம் வேண்டும். எம் அப்பாயி உள்ளறையிலிருந்து கேட்டமையால் அன்றோ டிரம்பெட்டில் நாயனத்தைக் கண்டார்! முதல் இரண்டு முறை ஒன்றையும் ஆராய வேண்டா. மூன்றாம் முறை ஒன்றே ஒன்றைப் பின்தொடர்க: காந்தாரம். எட்டாம் மேளமாகிய தோடியின் உயிர் அதன் காந்தாரத்தின் அசைவில் உளது. அச்சுரம் ஓரிடத்தில் நிற்பதன்று. கீழே ரிஷபத்தைத் தொட்டும், மேலே மத்திமத்தை நாடியும், தொட்டிற்பிள்ளைபோல் ஆடிக்கொண்டே இருப்பது. வீணையில் இழுத்த தந்தியாலும், குரலில் மிடற்றாலும் ஆவதை, நாகசுரத்தில் துளையைப் பாதி மூடிய விரலும், சீவாளியைக் கவ்விய உதடும், அடிவயிற்று மூச்சும் சேர்ந்து ஆக்குகின்றன. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலில் ஒரு ஸ்தாயிக்குச் சுருதிகள் இருபத்துநான்கு என வாதிட்டார். இருபத்திரண்டு என்பார் எதிர்த்தனர். அக்கணக்கை அறியாதவனும் இக்காந்தாரத்தைப் பத்துமுறை கேட்டால், கணக்கு எதைப்பற்றி எழுந்தது என்பதை அறிந்துகொள்வான்.

நான்காம் முறை பஞ்சமத்தை நோக்குக. அவர் அதனை எத்தனை இடத்தில் தொடாமல் தாண்டிச் செல்கிறார் என்று காண்க. தாண்டித் தாண்டிச் சென்றபின் ஒருகால் அதன்மேல் வந்து நிற்கும்பொழுது, வெயிலில் நடந்தவன் நிழலில் அமர்ந்தாற்போன்ற ஓர் ஆறுதல் பிறக்கும். ஐந்தாம் முறை கார்வைகளை மட்டும் கேட்க. ஒரே சுரத்தில் மூச்சு நின்று பெருகும் இடங்கள் அவை. ஆம்ஸ்ட்ராங்கும் 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' முடிவை அணுகுங்கால் ஓர் உச்சச் சுரத்தை நான்கு தாள வட்டம் அசையாது பிடித்து நிற்பார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். அவருடைய கார்வை நேரே நிற்கும் தீபம். நம்மவருடையது காற்றில் அலைந்தும் அவியாத தீபம். இவற்றுள் எது உயர்ந்தது என்று கேட்பாரோடு யாம் வழக்காடுவதில்லை.

இத்தோடியின் பதிவை ஒருநாள் திருநள்ளாற்றுக்கு அருகில் வாழும் முதிய நாயனக்காரர் ஒருவரிடம் கொண்டுசென்று கேட்பித்தோம். எண்பதைத் தாண்டியவர், பல் போனபின் ஊதுவதை நிறுத்தியவர். கயிற்றுக் கட்டிலிற் சாய்ந்திருந்தவர், இரண்டாம் மூச்சு வருமுன் எழுந்து உட்கார்ந்தார். முழங்காலின்மேல் வைத்த விரல்கள் தாமே அசைந்தன. முடிந்தபின் சிறிதுநேரம் பேசாதிருந்து, "தம்பி, இதற்கு மறுபக்கம் உண்டே, அது எங்கே?" என்று கேட்டார். எம்மிடம் இருந்த பதிவு ஒரு பக்கத்தது மட்டுமே.

அவர் சொல்லியது இது. சிறுவயதில் அவர் இருந்த ஊரில் ஒரு காப்பி கிளப்பில் மட்டுமே கிராமபோன் இருந்தது. குருவின் வீட்டில் அகாரசாதகம் முடிந்ததும், பிள்ளைகள் மூவர் ஒரு காப்பிக்குக் காசு சேர்த்துக்கொண்டு அங்கே செல்வர். "ஒரு காப்பியை மூன்று பேர் குடிப்போம், தம்பி. தட்டை இரண்டுதரம் போடச் சொல்வோம். மூன்றாம்தரம் கேட்டால், ஊசி தேய்கிறது என்று கடைக்காரர் ஏசுவார். கேட்டதை மறக்காமல் வாய்க்குள் பாடிக்கொண்டே வரப்பில் ஓடுவோம். நடுவிலே யாரும் பேசக்கூடாது. பேசினால் பிடி போய்விடும்." குரு அறிந்தாரோ என்று வினவினோம். "அறியாமல் என்ன? 'இந்தப் பிடி நான் சொல்லிக்கொடுக்கவில்லையே' என்று ஒருநாள் கேட்டார். பயந்துபோனோம். 'சரி, திருத்தமாய் வாசி' என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் அவரே எங்களோடு கிளப்புக்கு வந்தார்" என்றார். தட்டு வந்தமையாற் குருகுலம் அழிந்தது என்று மேடைகளில் முழங்குவாரை யாம் கேட்டுளோம். குருவும் சீடனும் ஒரே பெஞ்சியில் அமர்ந்து ஒரே தட்டைக் கேட்ட இச்செய்தி அவர்கள் செவிக்கு எட்டவில்லை போலும்.

அவர் மகன் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். பெயரன் கணினி பயில்கிறான். நாயனம் உறையோடு சுவரில் தொங்குகிறது. "சீவாளி காய்ந்துபோயிற்று" என்று மட்டும் கூறினார்.

தோடியில் ஒரு திங்கள் பழகியபின் செல்லவேண்டிய இடம் காருகுறிச்சி ப. அருணாசலம். திருநெல்வேலிப் பக்கத்தவர், 1921-இல் பிறந்து 1964-இலேயே மறைந்தார், இராஜரத்தினம் பிள்ளையின் சீடர். ஆசானின் பெருக்கு அவரிடம் தேனாய் வடிந்தது எனலாம். 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரி இராகத்தில் அவர் குழல் இழையும் பாட்டைத் தமிழர் எல்லாரும் கேட்டிருப்பர். அதனை முதலிற் கேட்டு அவரிடம் வருவது இழுக்கன்று; அதனோடு நிற்பதே இழுக்கு. அவருடைய கச்சேரிப் பதிவுகளில் ஓர் ஆலாபனையைக் கேட்டு, உடனே ஆசானின் தோடிக்கு மீள்க. ஒரே பாணி இருவேறு நெஞ்சில் எவ்வாறு இருவேறாகிறது என்பது விளங்கும்.

அடுத்துத் திருவீழிமிழலைச் சகோதரர்களாகிய சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும். இவர்கள் வழி வேறு. இராஜரத்தினம் பிள்ளை இராகப் பெருக்கு; இவர்கள் கீர்த்தனச் செப்பம். நடராஜசுந்தரம் பிள்ளை 1936-இல் தீட்சிதர் கீர்த்தனைகளைச் சுரப்படுத்தி நூலாக்கி வெளியிட்டவர் என்றால், அவர்கள் பாடாந்தரத்தின் திட்பத்தைக் கூறவேண்டா. இரண்டு குழல்கள் ஒரு மயிரிழையும் பிறழாது கமகத்தோடு ஒன்றாய்ச் செல்லும் அருமையை இவர்களிடமே கேட்கவேண்டும். செம்பனார்கோயில் குடும்பத்தாரின் இரத்தி மேளமும் உளது; அது தாளக் கணக்கில் நாட்டமுடையார்க்கு. தொடங்குவோர் அதனைப் பின்னுக்கு ஒதுக்கி வைக்கலாம்.

ஷேக் சின்ன மௌலானா அவர்களை மட்டும் ஒதுக்க இயலாது. ஆந்திரத்துக் கரவதியில் 1924-இற் பிறந்த முஸ்லிம். தலைமுறைதோறும் நாகசுரம் ஊதிய குடும்பத்தவர். இராஜரத்தினம் பிள்ளையை மானசீக குருவாகக் கொண்டு, தஞ்சைப் பாணி வேண்டி நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்று, திருவரங்கத்தில் குடியேறி, அரங்கன் வீதிகளில் ஊதி, 1998-இல் சங்கீத கலாநிதிப் பட்டமும் பெற்று, மறு ஆண்டு மறைந்தார். எமது கல்லூரி போன்று பல சமயத்தார் ஒரே வகுப்பில் அமரும் இடத்தில் அவர் பெயரை விளக்கிக் கூறவேண்டிய தேவையில்லை. குழலைக் கேட்டாற் போதும்.

'தில்லானா மோகனாம்பாள்' படத்தைப் பற்றிச் சிலர் கேட்பர். 1968-இல் வந்த அப்படத்தில் சிவாஜி கணேசன் கையிலுள்ள குழலுக்கு ஒலி தந்தவர் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர். கதைத் தலைவன் எமது அண்டை ஊராகிய சிக்கலைச் சேர்ந்தவன் என்பதால் எமக்கு அதில் ஒரு பட்சபாதம் உண்டு. ஆதலின் தீர்ப்புக் கூறாது விடுகின்றோம்.

டிரம்பெட்டின் வழியே வந்தோம் என்று கூறினமையால், அவ்வழியிற் செல்ல விரும்புவார்க்கும் இரண்டொரு சொல். ஆம்ஸ்ட்ராங் 1925 முதல் 1928 வரை சிக்காகோவில் ஐவர் குழுவும் எழுவர் குழுவும் கொண்டு பதிந்தவையே அடித்தளம். அவற்றின் முழக்கம் மிகுதியென்று தோன்றின், பிக்ஸ் பைடர்பெக் என்பார் 1927-இல் கார்னெட் என்னும் குறுங்குழலில் ஊதிய 'சிங்கின் த புளூஸ்' கேட்க. தாழ்ந்த குரலில் தோழனோடு பேசுவது போன்றது. அவரும் இருபத்தெட்டு வயதில் மாண்டார். பின்பு ஒரே தாவலாக 1959-க்குச் சென்று மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டை எடுக்கலாம். அதில் இசைக்கோவைகள் அடிக்கடி மாறுதலை ஒழித்து, இரண்டொரு சுரவரிசையிலேயே நெடுநேரம் தங்கி உலாவுகின்றனர்; இராகத்திற் பழகிய செவிக்கு அங்கே அயன்மை தோன்றாது. நம் நாட்டிலும் பம்பாயில் சிக் சாக்லேட் என்னும் கோவைக்காரர், அதாவது கோவா நாட்டவர், இந்திய ஆம்ஸ்ட்ராங் என்று பெயர்பெற்று டிரம்பெட் ஊதினார். 1951-இல் வந்த 'அல்பேலா' இந்திப் படத்தில் அவரையும் அவர் கூட்டத்தாரையும் நேரிற் காணலாம்.

தட்டுகளைத் தேடுவார்க்கு: சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இசைத்தட்டுகள் பேணப்படுகின்றன. எமது பக்கத்து வீடுகளின் பரண்களிலும் சில கிடைக்கும். அரக்குத்தட்டு கண்ணாடிபோல் உடைவது. படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினால் பாரத்தால் வெடிக்கும். நிறுத்தியே வைத்தல் வேண்டும். அதனை இக்காலத்து இலேசான ஊசியுள்ள பெட்டியில் வைத்துச் சுழற்றுமுன், 78 சுற்றுக்கு உரிய அகன்ற ஊசி அதில் உண்டோ என்று பார்த்துக்கொள்க. பரணிற் கண்ட தட்டைப் பழைய பொருள் வாங்குவோனுக்கு எடையிற் போடுமுன், அதன் நடுவேயுள்ள காகிதத்தில் எழுதிய பெயரையேனும் ஒருமுறை படித்துப் பார்க்குமாறு வேண்டுகின்றோம்.

இதனை வலியுறுத்தக் காரணம் உண்டு. எம்மூர்ப் பக்கத்துச் சிறு கோயில்கள் பலவற்றில் இப்பொழுது மாலைப் பூசைக்கு மேளம் இல்லை. பொத்தானை அழுத்தினால் மின்விசையால் தானே முழங்கும் முரசும் மணியும் சேர்ந்த பொறி ஒன்று சுவரோரம் நிற்கிறது. கலியாணங்களில் தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளமும் ஒலிப்பெட்டியிலிருந்து எழுதலை யாம் கேட்டுளோம். தமிழ்நாட்டு மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் பாடமாக உள்ளன, பயில்வாரும் உளர், பயின்று வந்தவரை அழைப்பார் வேண்டுமன்றோ? முதிய நாயனக்காரரிடம் அப்பொறியைப் பற்றிக் கேட்டோம். "அதற்குக் காப்பி வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை, தம்பி" என்றார்.

அவரிடமே இறுதியாக மற்றொன்றும் கேட்டோம். மல்லாரிக்கு நல்ல பதிவு எது? சுவாமி புறப்படுகையில் கம்பீரநாட்டை இராகத்தில் ஊதுவது மல்லாரி, சாகித்தியம் இல்லாதது, தேருக்கும் தீர்த்தத்திற்கும் தளிகைக்கும் தனித்தனி மல்லாரிகள் உண்டு. அவர் தலையை அசைத்தார். "அதைத் தட்டிலே கேட்காதே. வைகாசித் திருவிழாவுக்கு நள்ளாற்றுக்குப் போ. உள்ளே முண்டியடிக்காதே, தெற்கு வீதி முனையிலே நில். முதலில் தவில் மட்டும் கேட்கும். சுவாமி இன்னும் தெரியாது. அப்புறம் நாயனம் எழும். எழுந்தபிறகு திரும்பிப் பார்" என்று கூறிவிட்டு, தோடியை மீண்டும் ஒருமுறை வைக்கச் சொன்னார்.